தகரப் பலகையில் அக்காவின் முகம்

1911 மார்ச் 6

தம்பிக்கு,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கும் நிதானம் இன்றைக்கு எனக்கு இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் டிராம் வண்டியிலிருந்து இறங்கினேன். எதிரே ரொட்டிக்கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பலகை. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அதில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு நர்ஸ். ஒரு கையில் தூங்குகிற குழந்தை, இன்னொரு கையில் மருந்துப் புட்டி. யாரோ எங்கள் குழந்தை நல நிலையத்துப் பெண் மாதிரி இருக்கிறதே என்று கிட்டப் போய்ப் பார்த்தால், சாட்சாத் நான்! என் மூக்கைச் சீவிச் சின்னதாக்கி, உதட்டுக்குச் சாயம் பூசி, பத்து வயதைக் குறைத்திருக்கிறார்கள். இடது புருவத்துத் தழும்பை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அது நீ கல்லெறிந்து வந்த தழும்பு என்பது அந்தப் படக்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது. கீழே கொட்டை எழுத்தில் இப்படி: 'பதினொரு வருடமாகக் குழந்தைகளைப் பார்க்கிறேன். பூந்தூக்கம் சிரப்புக்கு ஈடாக ஒன்றை இதுவரை கண்டதில்லை. அழுகை அடங்கும், அகம் மலரும்!'

இதில் அந்தப் பதினொரு வருடம் மட்டும்தான் என்னுடையது. போன வருடம் அந்தக் கம்பெனியில் விளம்பரம் எழுதச் சேர்ந்த புதிதில் நாலு புட்டி அனுப்பினாய். பல் முளைக்கிற ஒரு குழந்தைக்குக் கொடுத்தேன், தூங்கியது. 'நீ அனுப்பிய மருந்து வேலை செய்கிறது, உன் கம்பெனி பிழைத்துக்கொள்ளும்' என்று உனக்கு ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரி தகரத்தில் ஏறும்போது இப்படிக் குட்டி போட்டிருக்கிறது. படம் நான் படிப்பு முடித்தபோது எடுத்தது. உன் மனைவி ஆசையாகக் கேட்டாளே என்று கொடுத்தேன்.

நிலையத்து டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "எப்ப இருந்து மருந்து விக்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார். நான் குழந்தைகளை எடை போட்டுப் பார்த்து, தாய்மாருக்குப் புத்தி சொல்லுகிற நகரசபை நர்ஸ். சந்தையில் கூவுகிறவள் இல்லை. மானம் போய்விட்டது, தம்பி.

பலகையைக் கழற்றச் சொல். நாளைக்கே.

அக்கா


1911 மார்ச் 10

என் அருமை அக்கா,

உன் கடிதத்தைப் பிரித்ததுமே காது சுட்டது. பக்கத்தில் இருந்திருந்தால் குட்டியிருப்பாய், குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். தப்புத்தான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. விளம்பரப் பகுதியில் புதிதாகச் சேருகிறவன் முதல் வருடத்துக்குள் சொந்தபந்தத்திலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் கொண்டுவர வேண்டும். 'வீட்டாரே நம்பாத மருந்தை ஊர் எப்படி நம்பும்?' என்பார் மானேஜர். பக்கத்து மேசைக்காரன் தன் மாமியாருடைய முட்டிவலியைக் கொண்டுவந்தான். அந்த அம்மாள் இன்னும் நொண்டித்தான் நடக்கிறாள், தைல விளம்பரத்தில் மட்டும் மான் மாதிரி ஓடுகிறாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? உன்னை விட்டால் ஆள் இல்லை. உன் ஒரு வரியைக் காட்டினேன். 'நர்ஸா? தொப்பி வைத்த படம் இருக்கா?' என்று மானேஜர் எழுந்தே நின்றுவிட்டார். அன்றைக்கே என்னைக் கடிதம் பிரிக்கிற அறையிலிருந்து மாடிக்கு மாற்றினார். இப்போது ஜன்னல் ஓரத்து மேசை, என் பெயருக்கு ஒரு மைக்கூடு, குடியிருக்கக் கம்பெனி வீடு. எல்லாம் உன் முகத்தால் வந்தது.

பலகை முப்பது ஊரில் ஏறிவிட்டது, அக்கா. இனி இறக்குவது என் கையில் இல்லை. வருடக் கடைசியில் புதுப் படம் மாற்றுவார்கள், அதுவரை பொறுத்துக்கொள். உன் மூக்கைச் சீவியதற்கு மட்டும் தனியாக மன்னிப்பு.

இன்னொன்று. எங்கள் மகளுக்கு நாலு மாதம் முடிகிறது. அவளுக்கு 'ஆலைச் சங்கு' என்றே பெயர் வைத்துவிட்டோம். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தால் விளக்கேற்றுகிற வரை ஓயமாட்டாள். முகம் சிவந்து, முட்டியை மடக்கி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஊதுகிறாள். அவளைத் தோளில் போட்டு நடந்து நடந்து என் மனைவிக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. வயிற்று வலியாக இருக்குமோ? உன் கைவசம் ஏதாவது வழி இருந்தால் உடனே எழுது. நாங்கள் இருவரும் பாதி உயிராகிவிட்டோம்.

திட்டு வாங்கக் காத்திருக்கும்,
தம்பி


1911 மார்ச் 15

தம்பிக்கு,

உன்னிடம் கோபித்துக்கொள்வது தண்டம். இரண்டு பக்கம் எழுதி என்னைச் சிரிக்கவைத்துவிட்டாய்.

முதலில் சங்கு. அது வயிற்றில் காற்று. குழந்தையைக் குப்புற உன் முன்கை மேல் படுக்கவை, தலை உன் முழங்கை மடிப்பில் இருக்கட்டும், கால் இரண்டும் இரண்டு பக்கம் தொங்கட்டும். மற்றக் கையால் முதுகைத் தடவு. ஃபிளானல் துணியைச் சுடவைத்து வயிற்றில் போடு, உன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடு. பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவை. இன்னும் ஒரு மாதத்தில் தானாக நின்றுவிடும். உன் மனைவியைப் படுக்கச் சொல், நடக்கிற வேலையை நீ செய்.

பலகை விஷயம். வருடக் கடைசி வரை என்றால் சரி, இருந்துவிட்டுப் போகட்டும். உண்மையைச் சொன்னால் என்ன, டிராம் கண்டக்டர் இப்போதெல்லாம் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைக்கிறார். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறேன், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்கிறது. வியாழக்கிழமை எடை போடுகிற நாளில் வழக்கத்தைவிடக் கூட்டம். தராசுக் கூடையில் துணி மாற்ற நேரமில்லை. "பலகையில இருக்கற நர்ஸம்மா நீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள்.

ரொட்டிக்கடை மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். சட்டைகளுக்குப் பித்தான் தைக்கிறவள். கணவன் கப்பலில் கரி அள்ளப் போய்விட்டான். நாலரை மாதப் பையன், மடியில் பிள்ளை, பிள்ளை மேல் சட்டை என்று பொழுதன்றைக்கும் தையல். அவன் அழுதால் வேலை நின்றுபோகிறது. ஜன்னலைத் திறந்தால் நான்தான் தெரிகிறேனாம். ஒரு புட்டி வாங்கியிருக்கிறாள். "நீங்க சொல்லிட்டீங்க, அப்புறம் எனக்கென்ன பயம்?" என்றாள்.

அதனால்தான் கேட்கிறேன். டாக்டரும் கேட்டார். அதில் என்ன சேர்க்கிறார்கள்? லேபிளில் 'தாவரச் சத்து' என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்தத் தாவரம் என்று விவரமாக எழுது.

அக்கா


1911 மார்ச் 20

அன்பு அக்கா,

நீ நர்ஸ் இல்லை, மந்திரவாதி. சங்கு முன்கையில் குப்புறப் படுத்தால் ஐந்தே நிமிடத்தில் கப்சிப். என் மனைவி உன் திசை பார்த்துக் கும்பிடுகிறாள்.

நீ கேட்ட விஷயம்: சோம்பு, அதிமதுரம், சர்க்கரைப் பாகு, இன்னும் சில மூலிகைகள். விகிதம் கம்பெனி ரகசியம், எங்களுக்கே சொல்லமாட்டார்கள். கலப்படமில்லாத தாவரச் சத்து என்று தைரியமாக டாக்டரிடம் சொல்.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. மழைக்காலத்துக்கு இருமல் வில்லை விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கரகர' என்பதற்கு எதுகை கிடைக்காமல் இரண்டு நாளாகத் தவிக்கிறேன்.

தம்பி


1911 ஏப்ரல் 12

தம்பிக்கு,

என் தந்தி உனக்கு வந்தது, உன் பதில் எனக்கு வந்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பித்தான் தைக்கிறவள் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தலை துணி மாதிரித் தொங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. நிமிடத்துக்கு ஏழெட்டு மூச்சுத்தான். "அவசரமா அஞ்சு டஜன் சட்ட குடுக்கணும்னு காலைல ரெண்டு கரண்டி குடுத்தேன், நர்ஸம்மா. ஒரு கரண்டிக்கு இப்பல்லாம் அடங்கறதில்ல" என்றாள். டாக்டர் அவன் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. "இதுல அபின் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

நான் இல்லை என்றேன். என் தம்பி அங்கேதான் வேலை செய்கிறான், எழுதிக் கேட்டேன், சோம்பும் அதிமதுரமும்தான் என்றேன். அவருக்குச் சந்தேகம் போகவில்லை. தந்தி கொடுத்துக் கேளுங்கள் என்றார். 'குழந்தை கண் விழிக்கவில்லை. பூந்தூக்கத்தில் அபின் உண்டா? உடனே பதில்' என்று அடித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் உன் பதில் வந்தது: 'பயம் வேண்டாம். கலப்படமில்லாத தாவரச் சத்து.'

அந்தக் காகிதத்தை டாக்டர் கையில் கொடுத்தேன். அவர் அதை நம்பினார். என்னை நம்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியானால் மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்று தலையில் ஈரத்துணி போட்டோம், இருட்டு அறையில் சத்தமில்லாமல் படுக்கவைத்தோம். சனிக்கிழமை மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது.

அவள் அழவில்லை. மீதிச் சட்டைகளை யாரிடம் கொடுப்பது என்று என்னைக் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டாக்டருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்தக் கண் பாவையை மூன்று தடவை சொல்லிவிட்டார். தம்பி, நீ தந்தியில் பொய் சொல்லியிருக்கமாட்டாய். தெரியாமல் எழுதியிருப்பாய். கம்பெனியில் விசாரித்து எனக்கு நிஜத்தை எழுது. இந்தப் பேட்டையில் மட்டும் நாற்பது வீட்டிலாவது அந்தப் புட்டி இருக்கிறது.

அக்கா


1911 ஏப்ரல் 17

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்து மிகவும் வருந்தினேன். அந்தத் தாயின் துயரத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆனால் நீயே இத்தனை வருடம் பார்த்தவள். ஐந்து மாதக் குழந்தைகள் எத்தனையோ காரணத்தால் போகின்றன. அவள் அளவு மீறிக் கொடுத்திருக்கிறாள். லேபிளில் அரைக் கரண்டி என்று தெளிவாக அச்சடித்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கையில் எதைக் கொடுத்தாலும் ஆபத்துத்தான். கம்பெனியையோ உன்னையோ நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

மானேஜரிடம் சொன்னேன். அவரும் வருந்தினார். அந்தப் பெண்ணுக்குக் கம்பெனி சார்பில் ஆறுதல் கடிதம் போட ஏற்பாடு செய்கிறார். பேட்டையில் இதைப் பெரிதாக்க வேண்டாம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார். உன் முகம் போட்ட மருந்து என்பதால் உனக்கும் கெட்ட பெயர் வரும்.

நீ கொஞ்ச நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வா. சங்கு இப்போது சிரிக்கிறாள்.

தம்பி


1911 ஏப்ரல் 21

சோம்பையும் அதிமதுரத்தையும் ஒரு குடம் குடித்தாலும் குழந்தைக்கு வயிறுதான் போகும். 'அளவு மீறி' என்று எழுதுகிறாய். எதன் அளவு?

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். மார்ச் பத்தாம் தேதிக் கடிதத்தில் நின்றுவிட்டேன். உன் மகள் நாலு மணியிலிருந்து விளக்கேற்றுகிற வரை அழுகிறாள். உன் மனைவிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. நீங்கள் இருவரும் பாதி உயிர். அழுகை அடங்கும் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறவன் நீ. புட்டி உன் மேசைக்கு அடியில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஆனால் நீ என்ன வழி என்று என்னைக் கேட்டாய். நானும் ஒரு மடைச்சி, ஃபிளானல் துணியைச் சுடவை என்று பதில் எழுதினேன். ஏன் உன் மருந்தையே கொடுக்கவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தம்பிதானே என்று படித்தேன், அதனால் தோன்றவில்லை.

இப்போது கேட்கிறேன். சங்குக்குப் பூந்தூக்கம் கொடுத்தாயா? ஒரு சொட்டாவது?

ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. சோறு இறங்காத கதை வேண்டாம்.


1911 ஏப்ரல் 29

அக்கா,

இல்லை.

இந்தக் கடிதத்தை ஆபீசில் எழுதவில்லை. குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடு. இது உனக்கு மட்டும்.

அபின் இருக்கிறது. சாராயத்தில் ஊறவைத்த அபின் சத்து, அதோடு சர்க்கரைப் பாகு, வாசனைக்குச் சோம்பு. உனக்கு நாலு புட்டி அனுப்பியபோது எனக்குத் தெரியாது. இதை மட்டும் நம்பு. அதற்கு அடுத்த மாதம் காய்ச்சுகிற கூடத்தைப் பற்றி ஒரு விளம்பரம் எழுத வேண்டியிருந்தது. போய்ப் பார்த்தேன். தூய்மை, நேர்த்தி என்றெல்லாம் குறித்துக்கொண்டேன். ஒரு அலமாரிக்கு மட்டும் இரண்டு பூட்டு. கெமிஸ்ட் அதிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கட்டியை எடுத்து நகைக்கடைத் தராசில் நிறுத்தார். என்ன என்று கேட்டேன். "தூக்கம்" என்றார், சிரித்தார். புட்டி கழுவுகிற பெண்களில் ஒருத்தி வாசல் வரை என் பின்னாலேயே வந்தாள். "சார், உங்க வீட்ல முழுகாம இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். கொழந்த பொறந்தா இத மட்டும் குடுத்துடாதீங்க. இங்க வேல செய்யற நாங்க யாரும் குடுக்கறதில்ல" என்றாள். அன்றைக்கே வீட்டில் இருந்த இரண்டு புட்டியையும் சாக்கடையில் கொட்டினேன். மூன்று மாதம் கழித்து உன் படத்தைக் கொண்டுபோய் மானேஜரிடம் கொடுத்தேன்.

அரைக் கரண்டி ஒன்றும் செய்யாது என்று கெமிஸ்ட் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். லட்சம் குழந்தைகள் குடிக்கின்றன, பிழைத்துத்தானே கிடக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டபோது லேபிளைப் பார்த்து எழுதினேன்.

தந்தி ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது. அங்கே எல்லாத் தந்தியையும் மானேஜர்தான் முதலில் பிரிப்பார். என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். பதிலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதும்போது அந்தக் குழந்தை பிழைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். கெட்டியாகக் காப்பி போட்டுப் புகட்டு, தூங்கவிடாதே, தட்டி எழுப்பிக்கொண்டே இரு என்று இன்னொரு தந்தி கொடுத்திருக்கலாம். தந்தி ஆபீஸ் தெருமுனையில்தான் இருக்கிறது. வாசல் வரை போனேன். ஃபாரத்தையும் வாங்கினேன். என் பெயர் தெரிந்துவிடும் என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை, மனைவியிடமும் இல்லை. கம்பெனி வீட்டில் இருக்கிறோம். இது வெளியே தெரிந்தால் என்னை எந்த ஊரிலும் எவனும் வேலைக்கு வைக்கமாட்டான், ஜெயிலுக்கே போனாலும் போவேன். சங்கின் முகத்தைப் பார்த்தாவது இதை உன்னோடு வைத்துக்கொள். தாய்மாரிடம் மருந்தை நிறுத்தச் சொல், வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள். நீ சொன்னால் கேட்பார்கள்.

எரித்துவிடு, அக்கா.

தம்பி


1911 மே 5

தம்பிக்கு,

எரிக்கவில்லை.

நீ சொன்ன மாதிரி முதலில் 'வேறு காரணம்' சொல்லித்தான் பார்த்தேன். வீடு வீடாக ஏறினேன். ஒத்துக்கொள்ளாது, வயிறு மந்தமாகும், அது இது என்றேன். "நீங்கதானே நல்லதுன்னீங்க?" என்று ஜன்னல் வழியே என் முகத்தையே எனக்குக் காட்டுகிறார்கள். ஒருத்தி, போட்டிக் கம்பெனிக்காரன் எனக்கு ஏதாவது கொடுத்திருப்பான் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். நான் சொன்னால் கேட்பார்கள் என்று எழுதினாயே, நீ எழுதி நான் சொன்னதாகப் போட்டதைத்தான் கேட்கிறார்கள்.

அதனால் உன் கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். அந்தக் காப்பி வரியில் வந்ததும் உட்கார்ந்துவிட்டார். பல வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம், அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருவருமாகப் பத்திரிகை ஆபீசுக்குப் போனோம். ஆசிரியர் மரியாதையாக நாற்காலி போட்டார், இரண்டு தடவை படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கடைசிப் பக்கம் முழுக்க உங்கள் கம்பெனியுடையது, வருடம் முழுவதும். அவர் வாயால் அதைச் சொல்லவில்லை. மேசை மேல் அன்றைய பேப்பர் கிடந்தது, கவிழ்ந்து.

நேற்று வியாழக்கிழமை. எடை போடுகிற நாள். கூடம் நிறைந்ததும் கதவைச் சாத்தினேன். குழந்தைகளைப் போடுகிற மேசைக்குப் பின்னால் நின்று உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். ஒரு எழுத்தை விடவில்லை. உன் பெயரைப் படித்தேன். எரித்துவிடு என்பதையும் படித்தேன். படித்து முடித்த பிறகு, நீ அனுப்பிய நாலு புட்டியில் மூன்றை என் கையால் மூன்று பேருக்குக் கொடுத்தேன் என்பதையும், யார் யாருக்கு என்பதையும் சொன்னேன். அதில் ஒருத்தி முன்வரிசையில்தான் இருந்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை.

பித்தான் தைக்கிறவளும் வந்திருந்தாள். பையனுடைய எடைச் சீட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம், அவள் வந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் படித்திருப்பேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு கிட்டே வந்தாள்.

"இத எழுதினது உங்க கூடப் பொறந்தவரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அந்தக் கொழந்த, சங்குன்னு எழுதியிருக்காரே. அதுக்கு இப்ப எத்தன மாசம்?"

"ஆறு ஆகப்போகுது."

"நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றாள். எடைச் சீட்டை மேசை மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவள் சொன்னதை உனக்கு எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் எழுதியிருக்கமாட்டேன். அவளுக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லை, தம்பி. நீ அந்தத் தந்தி ஃபாரத்தை மடித்துப் பையில் போட்டதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பொய் சொன்னதைக்கூட ஒருவேளை என்றைக்காவது மறப்பேன். வாசல் வரை போய்த் திரும்பினாயே, அதை மறக்கமாட்டேன்.

உன் கையெழுத்தோடு இருக்கிற மூலக் கடிதம் நாளைக் காலை சுகாதார அதிகாரியிடம் போகிறது. டாக்டர் கூட வருகிறார். என் முகத்தைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் அவர்கள் கேட்கப்போவதற்குப் பதில் சொல்ல நான் தயாராக இருக்கிறேன். இது உன் கைக்குக் கிடைக்கும்போது உன் மானேஜருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். உன் அனுமதி இல்லாமல் செய்கிறேன், தெரிந்தேதான் செய்கிறேன்.

கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். உன் மனைவியையும் சங்கையும் அடுத்த வாரம் சனிக்கிழமை காலை வண்டியில் ஏற்றிவிடு. என் அறை பெரிது, ஜன்னல் பக்கம் குழந்தைக்குக் கட்டில் போட இடம் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

நீ அந்த வண்டியில் ஏறாதே.

அக்கா